நாற்பத்தேழாம் தாள்

மணி இரண்டரை. அம்மா போய்க் கால் மணி நேரம் ஆகிறது. உள்தாழ்ப்பாளைப் போடு, யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். போட்டுவிட்டேன். யாரும் தட்டவில்லை. எங்கள் வீட்டுக் கதவைப் பகலிலேயே யாரும் தட்டுவதில்லை.

காலை ஐந்து மணிக்கு ஊரின் அந்தக் கோடியில், ஒரு தெருமுனையில், தண்ணீர்க் குழாய் பதிக்கிறவர்கள் சாலையைத் தோண்டப் போகிறார்கள். அந்த இடத்தில் மண்ணுக்கு அடியில் ஒரு கேபிள் போகிறது. கரண்ட் ஓடுகிற கேபிள். கடப்பாரை பட்டால் பிடித்திருக்கிற ஆள் அந்த இடத்திலேயே போய்விடுவான். அவர்கள் கையில் இருக்கிற வரைபடத்தில் அந்தக் கேபிள் இல்லை. அதை அழித்தது நான்.

அம்மா நடந்து போகிறாள். பதினைந்து கிலோமீட்டர். இந்த நேரத்தில் பஸ் கிடையாது, எங்கள் தெருவில் ஆட்டோவும் வராது. ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவாளா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடினால் சேரலாம். அம்மா ஓடி நான் பார்த்ததில்லை.

தூங்க முடியாது. பேச ஆளில்லை. ரஃப் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். அம்மாவிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுவேன். இப்போது இல்லை.

அம்மாவுக்கு மின்சார அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் கேபிள் போகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் வரைந்து வைக்கிற வேலை. பகலெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் ஊருக்கே கரண்ட் பில் போட்டுக்கொண்டிருக்கும். காலையில் வரைபடத் தாள்களைக் காப்பி எடுக்க ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். வரைகிற வேலை மாலை நான்கு மணிக்கு மேல்தான் நடக்கும், இரவு பத்து வரை. அதனால் நான் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்பா இல்லை என்று சொன்னால் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்கள். அவர் சாகவில்லை. வேறு ஒரு வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பிலிருந்து நான் பள்ளியிலிருந்து நேராக அம்மாவின் அலுவலகத்துக்குத்தான் போவேன். வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "என்ன இன்ஜினியரம்மா, இன்னிக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு. சம்பளத்துல பிடிச்சிடவா?" என்பார். ஒரு நாளில் என்னிடம் யாராவது பேசுகிற முதல் பேச்சு சில சமயம் அதுவாகத்தான் இருக்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் அளவுகோல் வேண்டுமென்றால்தான் வாயைத் திறப்பாள்.

கம்ப்யூட்டர் திரைகள் இருக்கிற டெர்மினல் அறை நான்காவது மாடியில், வராந்தாவின் கடைசியில். கதவைத் திறந்தால் முதலில் எதுவும் தெரியாது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரைச்சீலை போட்டிருப்பார்கள். அந்த டெர்மினல்களின் வெளிச்சம் அவ்வளவு மங்கல், பகல் வெளிச்சம் பட்டால் கோடே தெரியாது. குளிர்சாதனம் எப்போதும் ஓடும், அது எங்களுக்காக இல்லை, மெஷின்களுக்காக. அம்மா நாற்காலியில் ஒரு பழைய ஸ்வெட்டர் எப்போதும் தொங்கும். கண் பழகிய பிறகு நான்கு மேசைகள் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் பெட்டி மாதிரி ஒரு டெர்மினல், அதன் முகத்தில் பச்சைக் கோடுகள். மாலையில் ஒன்றில்தான் ஆள் இருக்கும். அது அம்மா.

அந்தத் திரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது. அது வீட்டு டிவி மாதிரி இல்லை. டிவியில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு கோடு போட்டால் போட்டதுதான், அது தானாகவே ஒளிர்ந்துகொண்டு அங்கேயே கிடக்கும். ஒரே ஒரு கோட்டை மட்டும் திரையிலிருந்து எடுக்க முடியாது. கம்ப்யூட்டரின் கணக்கிலிருந்து அந்தக் கோட்டை அழித்துவிட்டாலும் கண்ணாடியில் அது அப்படியே நிற்கும். உண்மையில் என்ன இருக்கிறது, என்ன போய்விட்டது என்று பார்க்க வேண்டுமானால் முழுத் திரையையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து வரையச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பட்டன் இருந்தது. அம்மா அதைப் 'பளிச் பட்டன்' என்பாள். அதை அமுக்கினால் திரை முழுக்க ஒரு நொடி பச்சையாகப் பளிச்சென்று எரியும், அறைச் சுவரெல்லாம் தெரியும். அப்புறம் இருட்டு. அப்புறம் தெருக்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். நெரிசலான தாள் என்றால் எட்டு நிமிடம் ஆகும்.

எனக்கு அந்தப் பளிச் பிடிக்கும். அம்மா எனக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பாள். நான் பக்கவாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவேன், ஒரு சின்ன விளக்கு வைத்துக்கொண்டு. அவள் பட்டனை அமுக்கும்போது மட்டும் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் அவள் முகம் தெரியும். நாள் முழுக்க அவள் முகத்தை நான் பார்ப்பது அப்போதுதான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

மூலையில் இருந்த நான்காவது டெர்மினலில் யாரோ விடுமுறைக்கு முன்னால் படத்தை அணைக்காமல் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு நாற்சந்தி கண்ணாடியிலேயே ஒட்டிப்போயிருந்தது. இப்போதும் எந்தத் தாளைப் போட்டாலும் அடியில் அது மங்கலாகத் தெரியும். காலையில் காப்பி எடுக்க வருகிற கண்ணாடி அண்ணன், "நம்ம ஊர்ல தோண்டாம விட்ட ஒரே ரோடு இதுதான்" என்பான். மூக்கில் தடிமனாகக் கண்ணாடி போட்டிருப்பான், அதனால் அந்தப் பெயர். என்னிடம் நன்றாகப் பேசுவான். ஆனால் நான் போகிற நேரத்தில் அவன் கிளம்பிக்கொண்டிருப்பான்.

எனக்கு யாரும் எதுவும் கற்றுக் கொடுக்கவில்லை. மூன்று வருடம் ஒருத்தர் பின்னால் உட்கார்ந்திருந்தால் தானாக வந்துவிடும். கீபோர்டுக்குப் பக்கத்தில் விரலால் உருட்டுகிற இரண்டு சக்கரங்கள். ஒன்றை உருட்டினால் திரையில் ஒரு குறுக்குக் கோடு மேலும் கீழும் போகும், இன்னொன்றை உருட்டினால் ஒரு நெடுக்குக் கோடு பக்கவாட்டில் போகும். இவை இரண்டு மட்டும் கண்ணாடியில் ஒட்டாது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் இருக்கிற கேபிளைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். பிடித்ததற்கு அடையாளமாக அதன் நடுவில் குட்டியாக ஒரு பெருக்கல் குறி போடும். அப்புறம் ஒரு எழுத்தைத் தட்டினால் அழிந்துவிடும். அழித்த கையோடு அம்மா பளிச் பட்டனை அமுக்கிவிடுவாள். ஒரு தடவைகூட விட்டதில்லை. "அழிச்சுட்டுத் திரும்ப வரையாம விட்டா, எது போச்சுன்னு அந்த மெஷினுக்குத்தான் தெரியும்" என்று கண்ணாடி அண்ணனிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிரிவுக்குத் தலைவர் ஒருத்தர் இருக்கிறார். போனின் டயலுக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, காகிதக் கட்டு வைக்கிற பெட்டிக்கும் பூட்டு. எல்லோரும் பூட்டு சார் என்பார்கள். போன வருடம் ஒரு நாள் அவர் அறைக்குள் வந்தபோது நான் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"இது என்ன, விளையாட்டுச் சாமானா?" என்றார் என்னிடம். சத்தமாகச் சொல்லவில்லை. அம்மா வந்ததும் அவளிடம், "பொண்ணு பக்கத்துல உக்காந்து படிக்கட்டும், அதுக்கு நான் கண்ணை மூடிக்கறேன். மெஷின் மேல கை பட்டா வேலை போயிடும்மா. எனக்கு இல்ல, உங்களுக்கு" என்றார். அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது, "உனக்குத் தெரியும்ல, இந்தச் சம்பளம் இல்லேன்னா நமக்கு வேற எதுவும் இல்ல" என்றாள். தெரியும் என்றேன். அதற்கப்புறம் நான் தொட்டதே இல்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாதே என்று சொன்னேன். வாரக் கடைசிக்குள் பதினோரு தாள் முடிக்க வேண்டும் என்று போனாள். எட்டு மணிக்கு மேல் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கையை மடித்து அதன் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். நான் ஸ்வெட்டரை எடுத்துப் போர்த்திவிட்டேன். அவள் கழுத்து சுட்டது.

கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அந்தத் திரை தானாகவே மங்கிவிடும், படம் மட்டும் கண்ணாடியில் நின்றுகொண்டே இருக்கும். ஏதாவது ஒரு பட்டனைத் தொட்டால் படம் திரும்ப வரும். அம்மாவின் தலைக்கு மேலே திரை மங்கி, அறை முழு இருட்டாகிவிட்டது. நான் என் மேசையில் உட்கார்ந்து மெஷின்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி ஆயிற்று. மேசையில் வேலைச் சீட்டு இருந்தது. நாற்பத்தேழாம் தாளில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஒரு பழைய கேபிளில் கரண்டை நிறுத்தியாகிவிட்டது, அதை வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும். அதை ஒட்டி அதே வழியில் போகிற புதுக் கேபிள் அப்படியே இருக்க வேண்டும். இது முடிந்தால் அம்மா நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம், மருந்து போட்டுக்கொண்டு படுக்கலாம்.

நான் அவள் தோளுக்கு மேலே கையை நீட்டி ஒரு பட்டனைத் தொட்டேன். படம் வந்தது. நின்றுகொண்டே சக்கரங்களை உருட்டினேன். இரண்டு கேபிள்களும் அந்தத் தெருமுனையில் ஒட்டிக்கொண்டு போகின்றன, நடுவில் ஒரு நூல் அளவு இருட்டுத்தான். பழையது எது என்று எனக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. கோடுகளைச் சரியாக அதன் மேல் கொண்டு வந்தேன். பெருக்கல் குறி வந்தது. இரண்டு கோடுகளையும் தொட்டுக்கொண்டு நின்றது. எதைப் பிடித்திருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் எழுத்தைத் தட்டினேன்.

அப்புறம் பளிச் பட்டன் மேல் விரலை வைத்தேன். அமுக்கவில்லை. அம்மாவின் முகம் திரைக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. அமுக்கினால் அவ்வளவு வெளிச்சமும் நேராக அவள் கண்ணில் அடிக்கும். எழுந்துவிடுவாள். வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள், அவ்வளவு அயர்ந்து அவள் தூங்கி நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அப்படியே சேமித்துவிட்டு மூடினேன். வேலைச் சீட்டில் அவள் போடுகிற மாதிரியே டிக் போட்டேன்.

பத்து மணிக்கு எழுப்பினேன். சீட்டைப் பார்த்தாள். "நாப்பத்தேழை முடிச்சிட்டேனா நான்?" என்றாள். "முடிச்சிட்டுத்தான்மா படுத்தே" என்றேன். காய்ச்சலில் நம்பிவிட்டாள்.

நேற்று எனக்குக் கணக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று அலுவலகத்துக்குப் போகவில்லை. அம்மா பத்தரைக்கு வந்தாள், காய்ச்சல் விட்டிருந்தது. பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கட்டில் மேல் போட்டாள். காப்பி மெஷினில் கோடு விழுந்து வீணாகிற தாள்களைக் கண்ணாடி அண்ணன் எடுத்து வைப்பான். அதில்தான் நான் என் நோட்டுகளுக்கு அட்டை போடுவேன். பளபளப்பான தாள், சூடு காட்டிய மாதிரி ஒரு வாடை அடிக்கும். வெயிலில் வைத்தால் பழுப்பாகிவிடும். வகுப்பில் என் நோட்டு மட்டும்தான் தெருக்கள் போட்ட அட்டையோடு இருக்கும். அம்மா சாப்பிட்டுப் படுத்தாள். நான் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு சுருளைப் பிரித்தேன். மேலாகவே இருந்தது நாற்பத்தேழு.

அந்தத் தெருமுனையில் ஒரே ஒரு கேபிள் இருந்தது. பழையது, கரண்ட் இல்லை என்று குறி போட்டது.

முதலில் நான் புரிந்துகொள்ளவில்லை. பழையது ஏன் இன்னும் இருக்கிறது, அழியவில்லை போல என்றுதான் நினைத்தேன். அப்புறம் புதியதைத் தேடினேன். தெரு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். ஓரத்தில் கண்ணாடி அண்ணனின் கையெழுத்தில் எழுதியிருந்தது: நல்ல காப்பி தண்ணீர்த் துறைக்குக் கொடுத்தாயிற்று, தோண்டல் வியாழன் காலை ஐந்து. வியாழன் என்றால் இன்றைக்கு.

அம்மாவை எழுப்பியது ஒன்றே முக்காலுக்கு. "அம்மா, எழுந்திரு" என்றேன். "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டாள். தாளைக் கொடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் விளக்கைப் போடச் சொன்னாள்.

"இங்க இன்னொண்ணு போகுமே."

"நான்தான்மா அழிச்சேன். செவ்வாய்க்கிழமை. நீ தூங்கும்போது."

"திரும்ப வரைஞ்சு பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"நீ எழுந்துடுவேன்னு."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். புடவையைச் சரி செய்துகொண்டாள். "எத்தனை மணிக்குப் பாத்தே இதை?" என்றாள்.

"இப்பத்தான். தூக்கம் வரல, அட்டை போடலாம்னு எடுத்தேன்."

அம்மா கீழே ஓடினாள், நானும் ஓடினேன். கீழ்வீட்டில் ஒரு டெய்லர் இருக்கிறார், இந்தக் கட்டடத்தில் அவரிடம்தான் போன் இருக்கிறது. ரொம்ப நேரம் கதவைத் தட்டிய பிறகு அவர் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து திறந்தார். அதோடேயே தூங்குவார் போல. பூட்டு சாரின் வீட்டு நம்பர் அலுவலகத்தில் இருக்கிறது, அலுவலகம் பூட்டியிருக்கிறது. அம்மா மின்சாரப் புகார் நம்பருக்குப் போட்டாள். நான்கு தடவை போட்ட பிறகு ஒருத்தன் எடுத்தான். அவன் குரல் எனக்கே கேட்டது.

"உங்க வீட்ல கரண்ட் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். விஷயம் அது இல்ல, காலைல தோண்டப் போற இடத்துல..."

"இருக்குன்னா எதுக்கும்மா கம்ப்ளெயின்ட்? இல்லாதவங்களுக்கே இங்க ஆள் இல்ல."

"அந்தப் பக்கம் லைனை நிறுத்தச் சொல்லுங்க சார், நான் வரைபடப் பிரிவுதான்."

"நிறுத்தணும்னா இன்ஜினியர் எழுதிக் குடுக்கணும். ஆறு மணிக்கு வருவாரு." வைத்துவிட்டான்.

டெய்லர், "என்னங்க, எங்கயாவது நெருப்பா?" என்றார். "இன்னும் இல்லைங்க" என்றாள் அம்மா. அவரிடம் சைக்கிள் இருந்தது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவருக்குக் காலில் ஏதோ ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. மேலே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு என் பள்ளி ஷூவைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சரியாக இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் நடந்தா வேகம் குறையும்" என்றாள். படியிறங்கிப் போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

இப்போது மணி மூன்றரை. பாலத்தைத் தாண்டியிருப்பாள்.

அம்மாவிடம் சொல்லாததை எழுதிவிடுகிறேன். நான் அந்தத் தாளைப் பார்த்தது இப்போது இல்லை. பதினோரு மணிக்கே பார்த்துவிட்டேன்.

இரண்டே முக்கால் மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். இது வீணான காப்பிதானே, நல்ல காப்பியில் சரியாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். தோண்டுகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பூட்டு சார் நினைவுக்கு வந்தார், அம்மா கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. எழுப்பப் போனேன். அவள் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மூன்று தடவை அப்படிப் போய் வந்தேன். தோண்டுகிற ஆளை நினைத்துப் பார்க்க முயற்சி செய்தேன், முகமே வரவில்லை. அம்மாவின் முகம்தான் வந்தது. ஒருத்தன் சாவதைவிட அம்மாவுக்கு வேலை போவதுதான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது, இரண்டே முக்கால் மணி நேரம். எழுதிய பிறகு படித்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

பதினொன்றே காலுக்குக் கடைசி பஸ் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் போகும். அதன் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, இரண்டு பேர்தான் இருந்தார்கள். அது நேராக அந்தத் தெருமுனைக்குப் பக்கத்தில் போய் நிற்கிற பஸ். திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்கரை.

ஐந்து. எதுவும் கேட்காது, அவ்வளவு தூரத்தில் நடப்பது இங்கே எப்படிக் கேட்கும். இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறேன், எரிகிறது. அதனால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எங்கள் பக்கத்துக்கு வேறு லைன்.

ஆறரை. பால்காரர் வந்து போனார். டெய்லர் மேலே வந்து கதவுக்கு வெளியிலிருந்தே, "அம்மா வந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வந்துடுவாங்க. டீ போட்டிருக்கேன், கீழ வர்றியா?" என்றார். கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். டம்ளரை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் இறங்கிப் போனதும் கதவைத் திறந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.

அம்மா எட்டு மணிக்கு வந்தாள். முழங்கால் வரைக்கும் மண். ஷூவைக் கழற்ற அவளால் குனிய முடியவில்லை, நான்தான் கழற்றினேன். குதிகால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"யாருக்காவது ஏதாவது..." என்றேன்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "நான் போறதுக்குள்ள அஞ்சரை. ரோட்டை உடைச்சுட்டாங்க, முழங்கால் ஆழம் போயிருந்தது. மேஸ்திரிகிட்ட சொன்னா தாளை எடுத்துக் காட்டுறான். 'சீல் உங்க ஆபீஸுது, இதுல கரண்ட் இல்லைன்னு இருக்கு. நீங்க வந்து இருக்குன்றீங்க. நான் சீலை நம்பறதா, உங்களை நம்பறதா'ன்றான். மூச்சு வாங்குது, என்னால பேசவே முடியல. குழிக்குள்ள இறங்கி நின்னுட்டேன்."

"குழிக்குள்ளயா?"

"வேற என்ன பண்றது. கடப்பாரை வச்சிருந்தவன் சின்னப் பையன். 'அக்கா, மேல வாங்க, எங்களுக்குக் கூலி போயிடும்'ன்னு கெஞ்சறான். நான் நகரல. அப்புறம் அவனே போய் டீ வாங்கிட்டு வந்து குடுத்தான். குழியில நின்னே குடிச்சேன். மேஸ்திரி எங்க ஆபீஸுக்கு ஆள் அனுப்பினான், ஆறரைக்கு இன்ஜினியரும் பூட்டு சாரும் வந்தாங்க. கையால மண்ணைத் தள்ளச் சொன்னாங்க. ஒரு முழம்கூட இல்லடி. கேபிளுக்கு மேல மூடற செங்கல் தெரிஞ்சுது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே, "காய்ச்சல்ல தூங்கிட்டேன், அப்ப நடந்த தப்புன்னு எழுதிக் குடுத்தேன். சார் படிச்சாரு. 'தூங்கிட்டு இருந்தீங்கன்னா அழிச்சது யாரும்மா?'ன்னு கேட்டாரு. பதினோரு மணிக்கு ஆபீஸுக்கு வந்து சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

"நீ என்ன சொல்லப் போறே?"

"தெரியல. வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். நான்தான்னு சொன்னா மெமோவோட விட்டுடுவாங்க. நீன்னு சொன்னா போச்சு."

அப்போது சொன்னேன். சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தெல்லாம் சொல்லவில்லை, அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வந்துவிட்டது. "நான் பதினோரு மணிக்கே பாத்துட்டேன்மா. பஸ் போறதுக்கு முன்னாடி."

அம்மா கண்ணைத் திறந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. இரவு தாளைக் கொடுத்தபோது இப்படிப் பார்க்கவில்லை.

"பதினோரு மணிக்கு."

"ஆமா."

"அழிச்சது சரி, அது கை தவறினது. அதுக்கு நான் எழுதிக் குடுத்துடுவேன். இதுக்கு யாருடி எழுதிக் குடுப்பா? அந்தப் பையனுக்கு உன்னைவிட ரெண்டு வயசுதான் கூட இருக்கும்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் மண்ணைத் துடைத்தேன். ஷூவை ஜன்னலில் வைத்தேன்.

ஈரத் தலையோடு வெளியே வந்து, கண்ணாடி முன் நின்று சீவிக்கொண்டாள். எனக்கு முதுகு காட்டித்தான் நின்றாள்.

"நானும் வர்றேன்மா. நானே சொல்றேன்" என்றேன்.

"வேலை போயிடும். தெரிஞ்சுதானே சொல்றே?"

"தெரியும்."

"பதினோரு மணி விஷயத்தையும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட மாட்டாளா என்றும் நினைத்தேன்.

"யூனிஃபார்ம் போட்டுக்காதே. பள்ளிக்கூடத்துப் பொண்ணுன்னு பாவம் பாப்பாங்க" என்றாள்.